பாலாற்றோரம் 36 படங்கள்

போன மாசி மாதம் பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அடியில் மூன்று பழுப்பு உறைகள். உறைக்கு நாலு துண்டு, துண்டுக்கு மூன்று படம், ஆக மொத்தம் 36 நெகட்டிவ். முதல் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நெகட்டிவில் எல்லாம் மாறித்தானே தெரியும்! வானம் கரி பூசினாற்போல் இருந்தது. கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டைப் பக்கத்துச் சயனைடு மண்மேடு நேரில் சாம்பல் வெளுப்பாக இருக்கும், இங்கே இருண்டு கிடந்தது. அதன் முன்னால் என் கறுப்புச் சைக்கிள் மட்டும் வெள்ளைக் கோட்டில் வரைந்ததுபோல் நின்றது. கேரியரில் கட்டிய போர்வைச் சுருள் தெரிந்தது. முன்சக்கரத்தின் ஸ்போக்ஸைக்கூட எண்ணிவிடலாம்.

உறையின்மேல் என் கையெழுத்து: “தை 1988. பங்காருபேட்டை – வயலூர். ரோல் 1.”

எனக்கு அப்போது 21 வயது. நைனாவுக்கு பங்காருபேட்டை ஸ்டேஷனில் ரயில்வே வேலை. தாத்தா தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். அவர் பிறந்தது குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். ரயிலுக்குக் காசில்லாமல் மாட்டுவண்டிகளின் பின்னாலேயே பேரணாம்பட்டு மலைப்பாதையில் நடந்து ஏறி வந்ததாக ஆயா சொல்வார். “மலை ஏறுறப்போ உங்க தாத்தா திரும்பித் திரும்பி ஊரப் பாத்துகினே வந்தாரு” என்பார். அந்த வழியை மேலிருந்து கீழே சைக்கிளில் போய்ப் பார்க்கவேண்டும், பார்த்ததைப் படமெடுத்துக் கொண்டுவரவேண்டும் என்ற எண்ணம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

வழியைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பமே இருக்கவில்லை. பாலாறு இருந்தது. நந்திமலையில் பிறந்து, எங்கள் பெத்தமங்கலம் ஏரியை நிரப்பி, ஆந்திராவைத் தொட்டு, வாணியம்பாடியில் தமிழ்நாட்டுச் சமவெளியைப் பிடித்து, வயலூரில் கடலில் சேருகிற ஆறு. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 93 கர்நாடகத்தில், 33 ஆந்திரத்தில், மீதி 222 தமிழ்நாட்டில். தங்கவயலின் குழாய்களில் வந்த தண்ணீர் பெத்தமங்கலத்துத் தண்ணீர்தான். அயர்லாந்துக்காரரான மைக்கேல் லவெல் 1873இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியது. அதற்குப் பிறகு வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து ‘லைன்’ வீடுகளில் குடியேறினார்கள். ஆறு கீழே இறங்கிய வழியில் ஆட்கள் மேலே ஏறி வந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து நான் ஆற்றோடு இறங்கினேன்.

பயணத்தைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊரின் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். படத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு. ‘பங்காரு’ என்றால் தெலுங்கில் தங்கம். தங்கவயலுக்குப் பிரிகிற ஜங்ஷன் என்பதால் அப்படிப் பெயர் வந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் பழைய ரயில்வே காகிதங்களில் இருக்கும் பெயர் பவுரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூரின் கமிஷனராக இருந்த லெவின் பெந்தம் பவுரிங்கின் பெயர் அது. பெங்களூரில் ஆஸ்பத்திரியும் கிளப்பும் அதே பெயரைச் சுமக்கின்றன. அவருடைய காலத்தில்தான், 1864இல், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓடியது. தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் கிளைப்பாதை 1894இல் வந்தது. ஜனங்களின் நாக்கில் பவுரிங் தேய்ந்து பங்காரு ஆனார். தங்கம் அதற்குத் துணை செய்தது.

இந்த பவுரிங், படம் சேர்ப்பதில் தீராத ஆசை கொண்டவர். மைசூருக்கு வருமுன் கவர்னர் ஜெனரல் கானிங்கின் அந்தரங்கச் செயலாளராக இருந்தார். அந்த நாட்களிலேயே ராஜாக்கள், நவாபுகள், திவான்களின் சிறு உருவப்படங்களைத் திரட்டி ஆல்பமாக ஒட்டி வைத்தார். அந்த ஆல்பங்கள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் அவர் பெயரிலேயே இருக்கின்றன. எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலியைப் பற்றியும் பிற்காலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். இதை நான் அறிந்துகொண்டது ஐம்பது வயதுக்கு மேல். ஒரு புகைப்பட ஆல்பக்காரரின் பெயர் கொண்ட ஊரில் பிறந்து, அது தெரியாமலே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். தெரிந்தபோது எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

பவுரிங்கின் ஆல்பங்களில் இருக்கும் காலத்துப் படங்கள் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டவை. தகட்டில் ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவவேண்டும். அந்தக் காலத்துப் படக்காரர்கள் பலர் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு. காகிதத்தில் அச்சிட்ட படம் மங்காமல் இருக்க அதைத் தங்கக் குளோரைடு கரைசலில் நனைத்து எடுத்தார்கள். 1887இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடை வைத்துத் தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த முறை தங்கவயலுக்கு வந்தபின் குவிந்ததுதான் என் முதல் நெகட்டிவில் இருக்கும் மண்மேடு. படத்தொழிலும் தங்கத்தொழிலும் ஒரே ரசாயன அலமாரியைப் பங்கு போட்டுக்கொண்டவை. நான் டார்க் ரூமில் பழகிய காலத்தில் சயனைடு போய் ஹைப்போ வந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. ஆனாலும் ஹைப்போ தொட்டியில் வெள்ளி உப்பு கரைந்து படம் தெளிவதைப் பார்க்கிறபோதெல்லாம் தாதுவிலிருந்து தங்கம் பிரிக்கும் மில் ஹவுஸைப் பற்றித் தாத்தா சொன்ன கதைகள் எனக்கு நினைவுக்கு வரும்.

கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு சைக்கிளில் ஊர்சுற்ற முடியாது. தகடு உடையும், கூடாரம் வேண்டும், சுமக்க ஆள் வேண்டும். சைக்கிளும் கேமராவும் கைகோத்தது ஒரே வருஷத்தில் என்று சொல்லலாம். 1888இல் ஈஸ்ட்மன் சுருள் ஃபிலிம் போட்ட முதல் கோடக் கேமராவை விற்றார். படம் நூறு எடுத்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிடவேண்டும், அவர்கள் கழுவி, அச்சிட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதே 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த சில வருஷங்களிலேயே ஆலனும் சாக்ட்லெபனும் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள் கோடக்கை எடுத்துக்கொண்டு துருக்கியிலிருந்து சீனா வரை சைக்கிள் மிதித்தார்கள். அவர்களுடைய புத்தகம் 1894இல் வந்தது.

நம் பக்கத்துக்கு அப்படி வந்தவர்கள் வொர்க்மன் தம்பதி. ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹன்டர் வொர்க்மன். அமெரிக்கர்கள். 1897 கடைசியில் இலங்கைக்கு வந்து, அங்கே மிதித்துச் சுற்றிவிட்டு, தென்முனையிலிருந்து இமயம் நோக்கிப் போனார்கள். சுமையைக் குறைக்க வேண்டி ரயில்பாதையை ஒட்டியே பயணம். சாப்பாடும் தண்ணீரும் கிடைக்காத நாட்கள் உண்டு. முள் குத்தி ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். சைக்கிள் மிதித்தவன் எவனும் இந்த எண்ணைச் சும்மா தாண்டிப் போகமாட்டான். ட்யூபைக் கழற்றி, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருமிடம் பார்த்து, உரசி, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டி, காற்றடிப்பது ஒரு தடவை என்றாலே அரைமணி நேரம். கருவேலமுள் சாலையில் 40 தடவை! இந்தப் பயணத்தின் புத்தகம் 1904இல் லண்டனில் வெளியானது. தலைப்பிலேயே 14,000 மைல் என்று போட்டிருக்கிறார்கள். கோயில்களும் மக்களும் என்றும் அந்தத் தலைப்பில் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் படங்கள்.

அந்தப் படங்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு, வருத்தமும் உண்டு. கோயில் தூண்களையும் கோபுரங்களையும் அவர்கள் கவனமாக எடுத்திருக்கிறார்கள். இன்றைக்குச் சிதைந்துபோன சிற்பம் அந்தப் படத்தில் முழுசாக நிற்கும். ஆனால் அவர்கள் கண் பழமையைத் தேடிய கண். அந்தச் சாலைகளில் மூட்டையும் பிள்ளையுமாக வேலை தேடி நடந்தவர்கள் அந்தக் கண்ணுக்குக் காட்சியாகப் படவில்லை. தங்கவயலிலும் அதே கதைதான். கம்பெனிக் காலத்துப் படங்கள் நிறைய உண்டு. சாஃப்ட்டின் மேல் நிற்கும் இரும்புச் சக்கரக் கோபுரம், மெஷின்கள், கிளப் வராண்டாவில் உட்கார்ந்த துரைமார்கள், பங்களாத் தோட்டம். லைன் வீட்டுத் திண்ணை, ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் வெளியே வரும் முகங்கள், ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டைச் சந்தை ஆகியவை அவற்றில் அரிது. அந்தக் காலத்தில் சுரங்க எல்லைக்குள் அனுமதியில்லாமல் யாரும் கேமரா கொண்டுபோக முடியாது. தொழிலாளிகள் கையில் கேமராவும் இல்லை.

எழுத்து விஷயத்தில் தங்கவயல் அப்படி ஏமாந்து போகவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவர் 1914இல் மறைந்தபின், ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்தினார். பண்டிதரின் நூல்களை இங்கேயே அச்சிட்டார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பெரும் தொகுதிகளாக அந்த எழுத்து மறுபடி தமிழ் உலகத்துக்கு வந்தது. எழுத்தைக் காப்பாற்றிய ஊர் படத்தைக் காப்பாற்ற மறந்துவிட்டது என்பதுதான் என் மனக்குறை.

சரி, 1988க்கு வருகிறேன். எங்கள் தலைமுறைக்குக் கேமரா எட்டிய வகையைச் சொல்லவேண்டும். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. அதன்பின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் சம்பளக்காரன் வாங்கக்கூடிய வண்டியாயின. மைன்ஸில் போனஸ் வந்த மாதம் சைக்கிள் கடைகளில் கூட்டம் நிற்கும். புது வண்டி வாங்கியவர்கள் அதைத் துடைத்துக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்குத்தான் வருவார்கள். மனைவி ஒருபக்கம், சைக்கிள் ஒருபக்கம், நடுவில் அவர். நான் பள்ளி முடித்த பிறகு எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தேன். அப்படி எத்தனையோ படங்களுக்கு விளக்கு பிடித்திருக்கிறேன்.

கேமரா, ஆக்ஃபா க்ளிக் 3. பரோடாவில் செய்தது. கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு. வெயிலுக்கும் மேகத்துக்கும் படம் போட்ட ஒரு சின்னக் குச்சி, ஒரே ஷட்டர் வேகம். ஃபோகஸ் என்று திருகுவதற்கு ஒன்றும் கிடையாது, பத்தடி தள்ளி நின்றால் சரியாக வரும். 120 ஃபிலிமில் சதுரமாக 12 படம். முதுகில் ஒரு சிவப்பு ஜன்னல் உண்டு. சாவியைத் திருகத் திருக ஃபிலிமின் முதுகுக் காகிதத்தில் அச்சான எண் அந்த ஜன்னலுக்கு வரும். எண் நடுவில் வந்ததும் நிறுத்தவேண்டும். கொஞ்சம் தாண்டினால் திரும்பாது. வெயிலில் அந்த ஜன்னலை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே திருகுவோம்.

ஃபிலிம் இரண்டு வகையில் கிடைத்தது. ஒன்று நம்முடைய ‘இந்து’. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு ஆலை 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஃபிலிமில் தூசு விழக்கூடாது, வெப்பம் ஆகாது. அதனால் மலைமேல் வைத்தார்கள். மற்றது கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ. வோல்ஃபன் என்ற ஊரில் ஒரு காலத்தில் ஆக்ஃபா நடத்திய ஆலை, போருக்குப்பின் அரசுடைமையாகி 1964 முதல் ஆர்வோ என்ற பெயரில் ஃபிலிம் செய்தது. என் பயணத்துக்கு ஸ்டுடியோ அண்ணன் இரண்டு இந்துவும் ஒரு ஆர்வோவும் கொடுத்தார். “மூணு ரோல்தான். முப்பத்தாறு. ஊர் ஊரா இருக்கு வழி பூரா. எத எடுக்கக்கூடாதுன்னு மொதல்ல முடிவு பண்ணு தம்பி” என்றார். இதைவிடச் சிறந்த பாடத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஐந்து நாள். எட்டு கிலோமீட்டருக்கு ஒரு படம் என்று கணக்கு. ஒரு கோடுபோட்ட நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இடம், மணி, வெயில், எதிரில் இருந்தவர் யார் என்று எழுதிக்கொண்டே போனேன். பெரும்பாலான நேரம் எழுத்துதான் நீண்டது. ஓர் இடத்தில் நிறுத்தி, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், வேண்டாம் என்று இறக்கி, நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பியது எத்தனையோ தடவை. சாலையோரப் புளியமரங்கள், ராகி அடிக்கும் களம், மல்பெரித் தோட்டம், ஊர் எல்லையின் மாரியம்மன் கோயில், கிணற்றடி எல்லாம் நோட்டில் இருக்கின்றன. படத்தில் இல்லை. படம் எடுக்காமல் பார்த்தவை இன்றைக்கும் நினைவில் இருப்பதற்கு அந்த நிறுத்தமும் எழுத்தும்தான் காரணம்.

எடுத்தவற்றில் 21 படங்களில் சைக்கிள் இருக்கிறது. திட்டமிட்டுச் செய்ததில்லை. மரத்தின் உயரம், பாலத்தின் அகலம், பாறையின் பருமன் எல்லாவற்றுக்கும் அளவுகோலாக அதைச் சாய்த்து வைத்தேன். ஆள் துணை இல்லாத பயணத்தில் படத்துக்குள் நான் இருந்தேன் என்பதற்குச் சாட்சியும் அதுதான்.

முதல் நாள் தங்கவயல், பெத்தமங்கலம், வி.கோட்டா. ஏரியில் தண்ணீர் நடுவில் ஒதுங்கிக் கிடந்தது. கரையோரச் சேறு வெடித்திருந்தது. இரண்டாம் நாள் காலை பத்தலப்பல்லி மலைப்பாதை. கோலார்ப் பீடபூமி அங்கே முடிந்து, சாலை சடாரெனத் தமிழ்நாட்டுக்கு இறங்கும். பிரேக் கட்டை தேய்ந்து ரப்பர் வாடை வந்தது. ஒரு வளைவில் இறங்கி, வண்டியைப் பாறையில் சாய்த்து, மேலே வந்த பாதையைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். தாத்தா கீழே இருக்கும் ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்த்த வழியில் நான் மேலே இருக்கும் ஊரைத் திரும்பிப் பார்த்தேன். அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மா, நான் வெறும் சாலையைக் குறிபார்ப்பதைக் கண்டு, “இன்னாப்பா, வெறும் ரோட்ட எடுக்கிற? இதுல இன்னா கீது?” என்று கேட்டார். எங்கள் தாத்தா இந்த வழியாகத்தான் தங்கவயலுக்குப் போனார் என்றேன். அந்த அம்மா டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, “எங்க பெரியப்பா கூட போனாரு. வரவே இல்ல” என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. அவரைப் படம் எடுக்கக் கேட்டேன், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். ரோல் 2, படம் 4. என்னிடம் இருப்பவற்றில் ஆகச்சிறந்த படம் அதுதான்.

ஆம்பூருக்கு முன்பே காற்று மாறிவிட்டது. தோல் பதனிடும் வாடை. ஆற்றங்கரையில் தோல்களை விரித்துக் காயவைத்திருந்தார்கள். ஓர் ஓடையிலிருந்து பாலாற்று மணலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பனஞ்சாறு காய்ச்சினாற்போன்ற செம்பழுப்பு நிறம், மேலே நுரை. இறங்கிப் போய்ப் படம் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது படத்தில் ஒரு சாதாரண ஓடை இருந்தது. கருப்பு வெள்ளை ஃபிலிமில் அந்த நிறம் விழவில்லை. நுரைகூட வெயில் பட்ட தண்ணீர்போல அழகாக இருந்தது. அன்றைக்கு நான் நோட்டில் எழுதிய ‘தண்ணீர் சிவப்பு, கை வைக்காதே என்றார் மாடு மேய்ப்பவர்’ என்ற வரி இல்லாவிட்டால் அந்தப் படம் பொய் சொல்லியிருக்கும். எட்டு வருஷம் கழித்து, 1996 ஆகஸ்டில், வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்ற கோட்பாட்டுக்கு இந்தியா முழுவதும் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. செய்தித்தாளில் படித்த அன்று ரோல் 2ஐ எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். படத்தோடு எழுத்தையும் வைக்கவேண்டும் என்பதை அந்த ஓடைதான் எனக்குக் கற்பித்தது.

வேலூரில் ரோல் மாற்றும்போது ஒரு தவறு செய்தேன். முடிந்த சுருளை வெளியே எடுத்ததும் அது கையில் நெகிழ்ந்தது. இறுக்கிச் சுற்றி ஒட்டுவதற்குள் நண்பகல் வெயில் ஓரத்தில் புகுந்துவிட்டது. கடைசி மூன்று படங்கள், பாலாற்றுப் பாலத்தின் படங்கள், ஓரம் புகைந்து போயின. மூன்றாவது ரோலைப் போர்வைக்குள் கையை விட்டுத்தான் கழற்றினேன்.

ஆற்காடு, காவேரிப்பாக்கம் ஏரிக்கரை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகியவற்றை விரைவாகவே கடந்தேன், எதிர்க்காற்று இல்லை. எங்கேயும் ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை. அகலமான மணல், ஊற்று தோண்டி எடுக்கும் பெண்கள், மணல் ஏற்றும் மாட்டுவண்டிகள். ஐந்தாம் நாள் மாலை வயலூர். கடற்கரையில் ஒரு மீனவர், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கம் கேமராவைத் திருப்பாதே என்று எச்சரித்தார். திருப்பவில்லை. 36ஆவது படத்தைக் கடலுக்கென்று வைத்திருந்தேன். கண்ணில் வைத்துப் பார்த்தபோது சதுரத்தின் நடுவில் ஒரு கோடு, மேலே வெளுப்பு, கீழே வெளுப்பு. அப்படியே திரும்பி நின்று, ஈர மணலில் என் டயர்த் தடம் ஆற்றின் வாயிலிருந்து கடலுக்கு வந்த வழியை எடுத்தேன்.

ஊருக்கு ரயிலில் திரும்பினேன். சைக்கிள் பிரேக் வேனில் வந்தது. மூன்று ரோலையும் ஸ்டுடியோவின் டார்க் ரூமில் ஒரே இரவில் நானே கழுவினேன். கோலார் மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். காய்ந்தால் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளி விழும். அதற்காகவே அண்ணன் மழைத் தண்ணீரை மண்பானையில் மூடி வைத்திருப்பார். கடைசி அலசல் அந்தத் தண்ணீரில். 37 வருஷத்துக்குப் பிறகும் இந்த நெகட்டிவ்களில் ஒரு புள்ளி இல்லை.

அன்றைக்கு இருந்தவற்றில் பெரும்பாலானவை இன்றில்லை. கிழக்கு ஜெர்மனி என்ற நாடே 1990இல் முடிந்தது. உதகை ஆலை நலிந்து மூடப்பட்டுவிட்டது. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் எடுத்து நடத்திய எங்கள் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. 3,000 மீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃபில் இப்போது தண்ணீர் நிற்கிறது. தாத்தாவைப் போலச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காருபேட்டை வழியாக பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். மிஞ்சியிருக்கும் பெரிய அடையாளம் அந்த 13 சயனைடு மண்மேடுகள். அவற்றில் தங்கியிருக்கும் தங்கத்தை மறுபடி எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தெரிவித்தது. வேலை வந்தால் நல்லதுதான், என் பிள்ளைகளின் ஊருக்கு வேலை வேண்டும். ஆனால் மேடுகள் கரைந்தபின் இந்த ஊரின் வானம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி, யார் யார் வீட்டிலோ கிடக்கும் நெகட்டிவ்கள் மட்டும்தான்.

நான் ஒருவன் மட்டும் எடுத்தவனில்லை. 80களில் எங்கள் ஸ்டுடியோவுக்கு க்ளிக் கேமரா ரோல் கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள். பெமல் ஃபேக்டரிக்குச் சைக்கிளில் போனவர்கள், கோலாரம்மன் கோயிலுக்கும் ஆவணி மலைக்கும் கூட்டமாகச் சைக்கிளில் போய்ப் படமெடுத்து வந்தவர்கள். அந்த ரோல்களை நான் என் கையால் கழுவியிருக்கிறேன். லைன் வீட்டுத் திண்ணை, பொங்கல் கோலம், சாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து எடுத்தது, மண்மேட்டின் மேல் ஏறி நின்ற நாலு நண்பர்கள் எல்லாம் அவற்றில் உண்டு. கம்பெனி ஆல்பத்தில் இல்லாத தங்கவயல் அவற்றில்தான் இருக்கிறது.

ஆகவே தங்கவயலிலும் பங்காருபேட்டையிலும், இங்கிருந்து பெங்களூர், சென்னை, திருப்பூர் என்று போய்க் குடியேறிய வீடுகளிலும் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பரணில், ட்ரங்குப் பெட்டியில், பழைய பிஸ்கட் டப்பாவில் நெகட்டிவ் இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். பிரிண்ட் இருக்கிறதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாடை வந்தால் ஃபிலிம் அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, சாதாரணக் காகித உறையில், ஈரமும் சூடும் படாத அலமாரியில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் இருப்பது யார், எந்த லைன், எந்த வருஷம் என்று கேட்டு உறையின்மேல் எழுதுங்கள். நெகட்டிவை உள்ளே வைக்குமுன் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். மை காகிதத்தில் ஊறி ஃபிலிமைத் தொட்டுவிடும்.